ஒரே குத்து

குழந்தைகள் வார்டில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்ததோடு சரி. தாய்மார்கள் யாரோ ஆரம்பித்து வைத்தது, நர்சுகளிடம் ஒட்டிக்கொண்டு, கடைசியில் டாக்டர்களே போனில் "ஊசியக்கா டூட்டியில இருக்காங்களா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

பெயருக்குக் காரணம் இருந்தது. கைக்குழந்தைக்கு நரம்பு கண்டுபிடித்து ஊசி ஏற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பெரியவர்களுக்கு முழங்கைக்கு மேல் கட்டினால் கயிறு மாதிரி எழுந்து நிற்கிற நரம்பு, ஆறு மாதக் குழந்தையின் கொழுத்த மணிக்கட்டில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் அகப்படாது. வாந்தியும் பேதியுமாக வற்றிப்போய் வருகிற குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். இருக்கிற நரம்பும் காற்றுப் போன பலூன் மாதிரி உள்ளே ஒட்டிக் கிடக்கும். மற்றவர்கள் மூன்று குத்து, நான்கு குத்து என்று போய், குழந்தை அழுது, தாய் அழுது, குத்துகிறவளும் வேர்த்து விறுவிறுத்து நிற்கிற இடத்தில், இவள் ஒரே குத்தில் முடித்துவிட்டுப் போவாள்.

பக்கத்தில் நின்று பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. கையைக் கழுவுவாள். குழந்தையின் பாதத்தையோ புறங்கையையோ தன் உள்ளங்கையில் சற்று நேரம் சும்மா பொத்தி வைத்திருப்பாள், சூடேறட்டும் என்று. பிறகு இடது ஆள்காட்டி விரல் நுனியால் தோலைத் தொட்டுக்கொண்டே போவாள். அப்போது அவள் பார்வை குழந்தையின் மேல் இருக்காது, சுவரில் எங்கேயோ இருக்கும். ஓரிடத்தில் விரல் நிற்கும். அவ்வளவுதான். துடைத்து, குத்தி, ஊசியின் பின்பக்கத்தில் ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்ததும் உள்ளே இருக்கும் கம்பியை உருவிவிட்டு, மருந்துக் குழாயை மாட்டி, பிளாஸ்திரி ஒட்டிவிடுவாள். சில குழந்தைகள் அழலாமா வேண்டாமா என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்திருக்கும்.

"உங்களுக்குக் கைராசிம்மா" என்பார்கள் தாய்மார்கள். அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு குழந்தையை ஒன்பது இடத்தில் குத்தியிருக்கிறாள். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு கைக்கு எட்டிய எந்தக் கையையும் அவள் விட்டதில்லை. தங்கையின் கை, தூங்குகிற மகளின் கால், புருஷனின் புறங்கை, எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவிப் பார்ப்பாள். கணவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன், கேலிக்காரன். "கல்யாணம் ஆன புதுசுல கையப் புடிச்சா, பாசம்னு நெனச்சு ஏமாந்துட்டேன். பாத்தா, நரம்பு தேடிக்கிட்டு இருந்திருக்கா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். இப்படிப் பதினாறு வருடம் தேய்த்துத் தேய்த்து வந்த கை அது.

மூன்றாவது மாடியில் அவளுடைய வார்டு. ஆனால் தீக்காயப் பிரிவிலிருந்தும் அவசர சிகிச்சையிலிருந்தும் ஆள் வந்துகொண்டே இருக்கும். மதியச் சாப்பாட்டை உட்கார்ந்த இடத்தில் முடித்து எழுந்த நாள் அபூர்வம். லீவு நாளிலும் போன் வரும். வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், பத்து நிமிட நடை. வீட்டுச் செருப்போடு ஓடிவந்து, போட்டுவிட்டு, அடுப்பில் வைத்தது அடிப்பிடிப்பதற்குள் திரும்பிவிடுவாள்.

அவளுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாலு பேர் தோற்றுப்போய் விலகி வழிவிட, நடுவே நடந்துபோய் நிற்பதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்தது. சின்ன சிஸ்டர் என்று ஒருத்தி, வேலைக்கு வந்து இரண்டு வருடம், இடதுகைப் பழக்கம் உள்ளவள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு கட்டிலுக்குப் போனால் ஊசியக்காவும் பின்னாலேயே போய் நிற்பாள். அவள் ஒரு தடவை தடுமாறினால் போதும். "குடு" என்று கையை நீட்டுவாள். அதில் கோபம் கிடையாது, குழந்தை பாவம் என்ற எண்ணம்தான். சின்ன சிஸ்டரும் அப்பாடா என்று கொடுத்துவிடுவாள். தடித்த கண்ணாடி போட்ட இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். கண்ணாடி டாக்டர் என்பார்கள். அவர் முயற்சி செய்வதையே விட்டுவிட்டார். "நான் எதுக்கு சும்மா குத்திக் கொல்லணும்? அக்கா வரட்டும்" என்பார். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆசையாசையாய்ப் பெற்ற பிள்ளையை யார் கையில் கொடுப்பார்கள், தெரிந்தவள் இருக்கும்போது?

ஐந்து வாரம் ஓயாமல் வேலை பார்த்த பிறகு அவளுக்கு ஒரு புதன்கிழமை முழு லீவு கிடைத்தது. கணவனுக்கும் அன்று வண்டி இல்லை. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள், ஆக வீட்டில் இரண்டே பேர். துவைத்து, சமைத்து, சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டரை மணிக்குத் தலையைச் சாய்த்தவள் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கணவன் வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். தலையணை ஓரத்தில் இருந்த அவள் போனை எடுத்து அணைத்து, மடித்து வைத்திருந்த துணிகளுக்கு நடுவே செருகிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினான்.

நாலரைக்கு எழுந்தாள். உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவன் பஸ்ஸில் நடந்த ஒரு சண்டையை நடித்துக் காட்டினான், அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆறு மணிக்கு மேல்தான் போன் ஞாபகம் வந்தது.

"நான்தான் ஆஃப் பண்ணேன்," என்றான் அவன். "ஒரு நாளாச்சும் மனுஷி மாதிரி தூங்கட்டுமேன்னு."

போனைத் திறந்ததும் செய்திகள் வந்து விழுந்தன. ஒன்று இருபதிலிருந்து இரண்டு முப்பத்தைந்து வரை, வார்டிலிருந்து பதினோரு தடவை கூப்பிட்டிருந்தார்கள். திரும்பக் கூப்பிட்டாள். சின்ன சிஸ்டர் எடுத்தாள்.

"என்னாச்சு? கூப்பிட்டிருக்கீங்க."

"இப்ப ஒண்ணும் இல்லக்கா. நாளைக்கு வாங்க."

"நரம்பு கெடச்சுதா?"

"நாளைக்கு வாங்கக்கா," என்றாள் மறுபடியும்.

ஒன்பது மாதப் பெண் குழந்தை. இரண்டு நாளாக வாந்தி பேதி. தூரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்திருக்கிறார்கள். கண் உள்ளே போய், வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளின இடத்தில் அப்படியே நின்றிருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு விட்ட தண்ணீரையும் வெளியே தள்ளிவிட்டது. சின்ன சிஸ்டர் நான்கு தடவை பார்த்தாள். கண்ணாடி டாக்டர் ஐந்து தடவை. ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டருக்குச் சொல்லி அனுப்பினால், அவர் ஒரு வயிற்று ஆபரேஷனை விட்டு நகர முடியாமல் நின்றிருக்கிறார். நரம்பு கிடைக்காவிட்டால் காலெலும்புக்குள் நேராகவே போடுகிற தடித்த ஊசி ஒன்று உண்டு. அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இருபது நிமிடம் தேடி, அலமாரியின் அடித்தட்டில் பழைய கட்டுத்துணிகளுக்குக் கீழே எடுத்தார்கள். உறை பிரிக்கப்படவே இல்லை. அதன் மேல் அச்சடித்திருந்த காலக்கெடு தீர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த வார்டில் அதற்கு வேலையே வந்ததில்லை, ஊசியக்கா இருந்ததால். வேறு வழியில்லாமல் அதைப் போட்டபோது குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுவிட்டிருந்தது.

இதையெல்லாம் வியாழக்கிழமை காலையில் பெரிய சிஸ்டர் அவளிடம் சொன்னாள். வார்டுக்குப் பொறுப்பான மூத்த நர்ஸ் அவள். சொல்லிவிட்டு, "நீ லீவு. உன்மேல ஒரு தப்பும் இல்ல. மனசுல போட்டுக் கொழப்பிக்காத," என்றாள்.

பதினோரு மணிக்கு இறந்த குழந்தையின் தாய், சான்றிதழுக்காகவும் விட்டுப்போன பைக்காகவும் வார்டுக்கு வந்தாள். வயது இருபத்திரண்டு இருபத்துமூன்று இருக்கும். பையை வாங்கிக்கொண்டவள் ஊசியக்காவின் எதிரே வந்து நின்றாள்.

"நீங்கதான் ஊசியக்காவா?"

"ஆமா."

"நேத்து எல்லாரும் உங்களத்தான் சொல்லிட்டே இருந்தாங்க. அவங்க வந்துட்டா ஒரு நிமிஷம், போட்டுருவாங்கன்னு. நான் வாசலையே பாத்துட்டு இருந்தேன்."

அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். "நேத்து எங்கக்கா போயிருந்தீங்க?"

உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஊரிலேயே இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது உண்மைதான்.

"வீட்ல தூங்கிட்டு இருந்தேன்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கணவனிடம் அவள் சொல்லவில்லை. கேட்டதற்கு, ஏதோ கேஸ், முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். ஆனால் இதெல்லாம் மூடி வைக்கிற விஷயமா? மூன்று வாரம் கழித்து, ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ஒருவர் அவன் பஸ்ஸில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஊசியக்கா புருஷன் என்ற உரிமையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அவன் சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லி?"

"போன நான் ஆஃப் பண்ணாம இருந்திருந்தா..." அவன் நிறுத்தினான். "நீ போயிருந்தா கெடச்சிருக்குமா?"

அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கிடைத்திருக்காது, விதி, யார் போயிருந்தாலும் அதேதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷன் ராத்திரி தூங்குவான். அது அவளுக்குத் தெரியும். ஆனால் மூன்று வாரமாக அவள் மனதுக்குள் அந்தக் குழந்தையின் கணுக்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருந்தாள். உள்பக்க எலும்புக்குச் சற்று முன்னால், எவ்வளவு வற்றினாலும் ஒன்று இருக்கும். அவள் விரலுக்கு அது கிடைக்காமல் போனதே இல்லை. அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள். அதுவே அவனுக்குப் பதிலாகப் போனது. அதற்குப் பிறகு அவன் பஸ் சண்டைகளை நடித்துக் காட்டுவதை விட்டுவிட்டான். போன் மணி அடித்தால் அவளுக்கு முன்னால் அவன் ஓடிவந்து எடுத்துக் கொடுப்பான். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவான்.

கணவன் வந்து கேட்ட அந்த வாரமே அவள் பெரிய சிஸ்டரிடம் போய், இனிமேல் முதலில் தான் போடப் போவதில்லை என்றாள். சின்ன சிஸ்டரோ டாக்டரோ முதலில் பார்க்கட்டும், ஆளுக்கு இரண்டு தடவை. முடியாவிட்டால் நான் வருகிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் கேட்க வேண்டாம், நானே போடுகிறேன்.

பெரிய சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? குழந்தைங்க என்ன குத்திப் பழகற பொம்மையா?"

"நான் இல்லாத அன்னைக்கு என்ன பண்ணுவீங்க சிஸ்டர்?"

"இல்லாத அன்னைக்குப் பாத்துக்கலாம்."

"பாத்துட்டோமே."

சரி, என்னவோ செய் என்று பெரிய சிஸ்டர் கையை உதறினாள்.

கற்றுக்கொடுத்துவிடலாம் என்றுதான் ஊசியக்கா முதலில் நினைத்தாள். அங்கேதான் அவளுக்கு அடி விழுந்தது. "எப்படிக்கா இடம் தெரியுது?" என்று கண்ணாடி டாக்டர் கேட்டபோது, சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை. "இங்க... இல்ல, கொஞ்சம் தள்ளி. லேசா மெத்துனு இருக்கும் பாருங்க," என்றாள். அவர் தொட்டுப் பார்த்தார். "எல்லாமே மெத்துனுதான்க்கா இருக்கு, குழந்தை இல்லையா?" என்றார். பதினாறு வருடம் விரலில் சேர்ந்ததை வாய் வழியாக எடுக்க வரவில்லை. எடுத்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிற நாலு வரிதான்.

அப்படியானால் அவர்களும் அவளைப் போலவே குத்திக் குத்தித்தான் கற்றுக்கொள்ள வேண்டும். குத்துவது யாரை?

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. டாக்டர் ஊசியைச் சாய்க்கும்போதே, அது நரம்பைத் தாண்டிப் போகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பல் கூசும். "கொஞ்சம் கீழ" என்று சொல்வதற்குள் குத்தியாகிவிடும். குழந்தை வீறிடும். தோலுக்குள் நீலம் பாயும். மறுபடி துடைத்து, மறுபடி ஒரு இடம். அவள் ஒரு எட்டு எடுத்து வைத்தால் முடிந்துவிடும். அவளால் முடியும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், அந்தத் தாய்க்கும் தெரியும்.

மகராசி என்று வாழ்த்திய வாய்கள் திரும்பிக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. "நிக்கிறா பாரு மரம் மாதிரி." "கையில வித்தைய வெச்சிக்கிட்டு வேடிக்கை பாக்கறா." "பேரு வாங்கிட்டா இப்படித்தான், திமிரு ஏறிப் போயிரும்." காதுபடவே பேசினார்கள். உங்கள் பிள்ளைக்கு இன்று நாலு குத்து, அடுத்த வருடம் வேறு எவளோ பெற்ற பிள்ளைக்கு உயிர் என்று எந்தத் தாயிடம் போய்ச் சொல்வது? சொன்னால், அதற்கு என் பிள்ளைதான் கிடைத்ததா என்று கேட்பாள்.

ஆனாலும் ஒன்று நடந்தது. மூன்றாவது மாதம் சின்ன சிஸ்டரின் இடதுகை மெல்ல மெல்லப் பழகியது. மூன்றில் ஒன்று முதல் குத்திலேயே கிடைத்தது. ஒருநாள், நாலு மாதக் குழந்தையின் தலையில், காதுக்கு மேலே, ஊசியக்காவே யோசிக்கிற இடத்தில், ஒரே தடவையில் போட்டுவிட்டாள். பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஊசியக்கா அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அன்று ஒருநாள் அவளுக்குச் சாப்பாடு ருசித்தது.

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஜன்னலோரக் கட்டிலில் மூன்று வயதுப் பையன், நெஞ்சில் சளி கட்டி மூச்சிரைப்பு. தாய் தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவள். காலையில் அவனுக்கு ஊசி மாற்ற வேண்டியிருந்தது. கண்ணாடி டாக்டர் இரண்டு, சின்ன சிஸ்டர் இரண்டு. நாலாவதில்தான் கிடைத்தது. பையன் கத்திக் கத்தி மூச்சு முட்டிப்போனான். அந்தத் தாய் அவன் கால்களை அமுக்கிப் பிடித்தபடி, ஊசியக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதியம் இரண்டு மணிக்கு அவளுடைய சொந்தத் தங்கை வந்தாள், எட்டு மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. காலையிலிருந்து வாந்தி, காய்ச்சல். ஊசியக்கா தொட்டுப் பார்த்தாள். நாக்கில் ஈரம் இருந்தது, அழுதால் கண்ணீர் வந்தது. உயிருக்கு ஆபத்தெல்லாம் இல்லை, மருந்து ஏற்றினால் சரியாகிவிடும். சின்ன சிஸ்டர் தட்டோடு வந்தாள். குழந்தையின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். துடைத்தாள். இடதுகையில் ஊசியை எடுத்தாள்.

"அக்கா, நீ போடு," என்றாள் தங்கை.

"அவ போடுவா. நல்லா போடுவா."

"நீ இருக்கறப்ப எதுக்குக்கா இன்னொருத்தங்க? எம்புள்ளக்கா இது." தங்கை அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் தெருநாயைப் பார்த்துப் பயந்தால் பிடிப்பாளே, அந்தப் பிடி. குழந்தை பெரியம்மாவைப் பார்த்து, அழுகையை நிறுத்திவிட்டு, கையை நீட்டியது.

சின்ன சிஸ்டர் ஊசியோடு அப்படியே நின்றாள். நகரவில்லை. நகர வேண்டிய அவசியம் இல்லை என்று நம்பித்தான் நின்றாள்.

"குடு," என்றாள் ஊசியக்கா.

யோசித்துச் சொன்னதில்லை அது. சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதிலேயே விழுந்தது. ஊசி கை மாறியது. விரல் ஒரு இடத்தில் நின்றது. ஒரு பொட்டு ரத்தம். குழந்தை ஒரு முறை சிணுங்கிவிட்டுத் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

பிறகு ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அந்தத் தையல்காரப் பெண்ணின் குரல் வந்தது, சாதாரணமாகப் பேசுகிற குரல்.

"உங்க வீட்டுப் புள்ளைன்னா ஒரே குத்து. எம்புள்ளைக்கு நாலு."

ஊசியக்கா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பையனின் இரண்டு கைகளிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. "ஆமா," என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? அந்தச் சொல்லைவிட ஒரு பொய் தேவலை என்று பிறகு பெரிய சிஸ்டர் திட்டினாள்.

டூட்டி முடிந்து படியிறங்கும்போது சின்ன சிஸ்டர் கூடவே வந்தாள்.

"நான் போட்டிருப்பேன்க்கா."

"தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா?"

ஊசியக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். "தெரியல. என் தங்கச்சி புள்ள," என்றாள்.

"எல்லாமே யாரோ ஒருத்தரோட புள்ளதானக்கா," என்றாள் சின்ன சிஸ்டர். குத்திக்காட்டச் சொன்னதில்லை. அவளுக்கும் அழுகை வந்துகொண்டிருந்தது.

தையல்காரப் பெண் சும்மா விடவில்லை. கம்பெனியில் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், புகாரைப் படித்துக் காட்டினார், இதில் எது பொய் என்று கேட்டார்.

"எதுவும் பொய் இல்ல சார்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் புதன்கிழமை, அடித்தட்டில் கிடந்த ஊசி, சின்ன சிஸ்டரின் இடதுகை எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நோயாளிக்கு என்னம்மா வேணும்? இருக்கறதுலயே நல்ல கை. அந்தக் கை பக்கத்துலயே நின்னுட்டு செய்யலன்னா, அதுக்கு எங்கிட்ட என்ன பேரு இருக்கு?"

"நான் லீவுல இருந்தா சார்?"

"லீவு எடுக்காதீங்க," என்றார். சிரிக்க வைக்கச் சொன்னதுதான். இருவருமே சிரிக்கவில்லை. "நீங்க நெனச்சது சரியாவே இருக்கலாம். ஆனா உங்க தங்கச்சி குழந்தைக்குப் போட்டீங்க பாருங்க, அதோட அது போச்சு. இனி நான் உங்களக் காப்பாத்த முடியாது."

வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. தரைத்தளத்தில் வெளிநோயாளிகள் பிரிவு. ரத்த அழுத்தம் பார்த்துச் சீட்டில் எழுதுகிற அறை. அங்கே ஊசிக்கு வேலையே இல்லை. விசாரணைக் கோப்பை மூடும்வரை குழந்தைகள் வார்டுக்குப் போகக் கூடாது என்று தனியாக ஒரு வரியும் இருந்தது. கோப்பு மூடப்பட இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் யாரும் அவளைத் திரும்பக் கேட்கவில்லை, அவளும் போய்க் கேட்கவில்லை.

முதல் மாதங்களில் மூன்றாவது மாடி பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை என்று கேள்விப்பட்டாள். பிறகு மெல்லப் பழகிக்கொண்டார்கள். எலும்பு ஊசி புதிதாக வாங்கித் தட்டின் மேலேயே வைத்திருக்கிறார்கள். கண்ணாடி டாக்டர் அதை இரண்டு தடவை போட்டிருக்கிறார், ஒரு குழந்தை பிழைத்தது. வார்டில் இப்போது நரம்பு பிடிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர். அவள் அளவுக்கு ஒருத்தரும் இல்லை. யார் லீவு போட்டாலும் வார்டு நடக்கிறது, அழுகைச் சத்தம் மட்டும் முன்பைவிட அதிகம். அவள் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குழந்தை இடையில் ஏதாவது உண்டா என்று அவள் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை.

தங்கையின் பிள்ளை நடக்கிறது, ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால் பெரியம்மா மடியில்தான் உட்காரும். அதன் கையைப் பிடித்தால் இப்போதும் விரல் தானாகப் போய் அந்த இடத்தில் நிற்கும். சட்டென்று எடுத்துக்கொள்வாள். கணவன் பார்த்தும் பார்க்காத மாதிரி எழுந்து உள்ளே போய்விடுவான். அவனுக்கும் அவளுக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சுதான் குறைந்துவிட்டது. லீவு நாள் மதியங்களில் அவள் படுப்பதில்லை.

சின்ன சிஸ்டர் மட்டும் வாரத்துக்கு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கீழே வருவாள். போன வாரமும் வந்தாள். டப்பாவைத் திறக்காமல் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு ஒண்ணுக்கு ஏழு தடவைக்கா," என்றாள். "கெடச்சிருச்சு. ஆனா ஏழு."

"எங்க கெடச்சுது?"

"கணுக்கால்ல."

"உள்பக்கமா?"

"ஆமாக்கா. அஞ்சாவது தடவையே அங்கதான் போனேன். தாண்டிருச்சு."

"தாண்டும்," என்றாள் ஊசியக்கா. "அந்த எடத்துல எல்லாருக்கும் தாண்டும்." அவளுக்குத் தாண்டியதில்லை. அது இருவருக்கும் தெரியும். "சாப்பிடு," என்று டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினாள்.

வெளியே வரிசை நீண்டிருந்தது. முதலில் நின்ற பெரியவர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை அவர் கையில் சுற்றினாள்.